டேட்டா சென்டருக்கு நிலத்தை ரெடி பண்றது எப்படி: ஜூரோங்ல இருந்து கூலாய் வரைக்கும்

டேட்டா சென்டருக்கு நிலத்தை ரெடி பண்றதுன்னா மரத்தை வெட்டி, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, ரோலர் ஓட்டி சமமாக்கிக் குடுக்குறதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. அது கடைசி வேலைங்க. அதுக்கு முன்னாடி கரண்ட், தண்ணி, பேப்பர், மண்ணு, பக்கத்துல இருக்கற மக்கள்னு அஞ்சு விஷயம் முடிஞ்சிருக்கணும், இதுல ஒண்ணு முடியாம எக்ஸ்கவேட்டரை உள்ள விட்டா அந்த நிலம் வருஷக்கணக்குல வெறும் செம்மண்ணாவே கெடக்கும். சிங்கப்பூர்ல சிவில் வேலை பாக்குற நம்ம தம்பிங்க, சின்ன சப்கான் எடுத்துச் செய்றவங்க, பக்கத்துல மலேசியாவோட ஜொகூர் மாநிலத்துப் பக்கம் வேலைக்குக் கூப்பிடுறாங்களேன்னு யோசிக்கிறவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல இந்த வேலையெல்லாம் ஏன் ஜொகூர் பக்கம் போச்சுன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா அது தெரிஞ்சாதான் ஒரு நிலத்தைப் பாக்கும்போது எதைக் கேக்கணும்னு புரியும். சிங்கப்பூர்ல 70க்கு மேல டேட்டா சென்டர் இருக்கு, மொத்தம் 1.4 கிகாவாட்டுக்கு மேல. 2020ல நாட்டோட மொத்த மின்சாரத்துல ஏறக்குறைய 7% இதுக்கே போயிருக்கு. அதனால 2019ல புதுசா கட்டுறதை நிறுத்தி வச்சாங்க, 2022 ஜனவரிலதான் திரும்பத் திறந்தாங்க. அப்பவும் யார் வேணா கட்டலாம்னு விடல. பொருளாதார வளர்ச்சிக் கழகமான இடிபியும், தகவல் தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏவும் விண்ணப்பம் வாங்கி, 2023 ஜூலைல ஈக்வினிக்ஸ், ஜிடிஎஸ், மைக்ரோசாஃப்ட், அப்புறம் ஏர்டிரங்க்கும் பைட்டான்ஸும் சேர்ந்த கூட்டுன்னு நாலு பேருக்கு மட்டும் மொத்தமா 80 மெகாவாட் அளவுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க. 2024 மே மாசம் இன்னும் 300 மெகாவாட்டாவது சேப்போம்னு ரோட்மேப் விட்டாங்க. 2025 அக்டோபர்ல ஜூரோங் தீவுல 20 ஹெக்டேர் ஒதுக்கி, 700 மெகாவாட் வரைக்கும் தாங்குற கார்பன் கம்மியான டேட்டா சென்டர் பார்க் வரும்னு அறிவிச்சாங்க. கணக்குப் பண்ணிப் பாருங்க, 20 ஹெக்டேர்ல 700 மெகாவாட். நிலத்தோட பரப்பு இங்க பெரிய விஷயமே இல்ல, அந்த நிலத்துக்கு எவ்வளவு கரண்ட் வரும்ங்கறதுதான் விஷயம்.

அதனால யாராவது "இத்தனை ஏக்கர் இருக்கு, டேட்டா சென்டருக்கு நல்ல இடம்"னு சொன்னா, நீங்க கேக்க வேண்டிய மொத கேள்வி: எத்தனை மெகாவாட், எந்த வோல்டேஜ்ல, எந்த சப்ஸ்டேஷன்ல இருந்து, எப்ப? சிங்கப்பூர்ல பெரிய சைட்டுன்னா கரண்ட் லைன் வச்சிருக்கற எஸ்பி குரூப் கிட்ட இருந்து 66 கேவி (கிலோவோல்ட்), அதுக்கும் மேல போனா 230 கேவி இன்டேக், அதாவது சைட்டுக்குள்ள வர்ற இணைப்பு வேணும், ஆனா மேல சொன்ன அனுமதி இல்லாம கரண்ட் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. ஜொகூர்ல மலேசியாவோட கரண்ட் கம்பெனி தெனாகா நேஷனல் 2023ல கிரீன் லேன்னு ஒரு வழி கொண்டு வந்தாங்க, முன்னாடி 3, 4 வருஷம் இழுத்த கனெக்‌ஷனை 12 மாசத்துக்குள்ள குடுக்கறதுக்கு. அது நல்ல விஷயம்தான், ஆனா பக்கத்துல டவர் லைன் போகுதுங்கறதை வச்சு கரண்ட் இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. நிலத்துக்கு மேல லைன் போறது வேற, அந்த லைன்ல உங்களுக்குப் பங்கு இருக்கறது வேற. தலைக்கு மேல லைன் போச்சுன்னா அதுக்குக் கீழ ஒதுக்கி வச்ச ரிசர்வுக்குள்ள எதையும் கட்ட முடியாது, மண்ணைக் கொட்டி உசத்தவும் கூடாது, அப்ப உங்க நிலம்தான் கொறையுது. கரண்ட் கம்பெனி எழுத்துல குடுத்த லெட்டர் கையில வராம நிலவேலைக்கு கொட்டேஷன் போடாதீங்க, போட்டாலும் தள்ளிப்போனா என்ன பண்றதுன்னு அதுலயே எழுதி வைங்க.

தண்ணி அடுத்தது. சர்வர் சூட்டை எடுக்க கூலிங் டவர் வச்சா தண்ணி ஆவியாப் போய்க்கிட்டே இருக்கும், பெரிய சைட்டுக்கு நாளெல்லாம் வந்துக்கிட்டே இருக்கணும். சிங்கப்பூர்ல கழிவுநீரைச் சுத்திகரிச்சுக் குடுக்கற நியூவாட்டர் லைன் இருக்கு. ஜொகூர்ல நிலைமை வேற. 1962 ஒப்பந்தப்படி 2061 வரைக்கும் ஜொகூர் ஆத்துல இருந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் காலன் வரைக்கும் நம்ம சிங்கப்பூருக்கே வருது, அந்த மாநிலத்து மக்களுக்கும் அதே ஆறுதான். 2024ல ஜொகூர் அரசாங்கம் டேட்டா சென்டருக்குன்னே ஒரு கமிட்டி போட்டு, வந்த விண்ணப்பங்கள்ல கிட்டத்தட்ட 30% வேணாம்னு சொல்லிட்டாங்க, தண்ணியும் கரண்டும்தான் அவங்க முக்கியமா பாத்தது. இது சரியான முடிவுன்னுதான் நான் சொல்லுவேன். வீட்டுக் கொழாயில தண்ணி வராத ஊர்ல சர்வருக்குத் தண்ணி ஊத்தறது நியாயமில்ல. அதனால இப்ப நெறைய சைட்ல கழிவுநீரைச் சுத்திகரிச்சுக் கொண்டு வர்றதைப் பத்திப் பேசுறாங்க, அப்படின்னா நிலவேலை பிளான்லயே அந்தக் கொழாய்க்கும் தேக்கத் தொட்டிக்கும் எடம் விட்டிருக்காங்களான்னு பாருங்க. பின்னாடி சேக்கறேன்னு வந்தா நீங்க கெட்டிப்படுத்தின மண்ணைத் திரும்பத் தோண்டுவாங்க.

பேப்பர் வேலையை நான் சுருக்கமா சொல்லிடறேன், அதுக்குன்னு வக்கீல், சர்வேயர் இருக்காங்க. சிங்கப்பூர்ல தொழிற்சாலை நிலம் பெரும்பாலும் அரசாங்கத்தோட ஜேடிசி குடுக்கற குத்தகைதான், 20, 30 வருஷம். நகரத் திட்ட ஆணையம் யூஆர்ஏவோட மாஸ்டர் பிளான்ல அந்தத் துண்டு என்ன ஸோன், பிளாட் ரேஷியோ (நிலத்தைப் போல எத்தனை மடங்கு தரைப் பரப்பு கட்டலாம்) எவ்வளவுன்னு யார் வேணாலும் ஆன்லைன்ல பாக்கலாம், காசு இல்ல, பாருங்க. ஜொகூர்ல நிலத்தோட கிராண்ட்டை, அதாவது உரிமைப் பத்திரத்தை எடுத்து, நிலத்தை எதுக்குப் பயன்படுத்தலாம்னு சொல்ற சியாராட் ஞாத்தாங்கற வரியைப் படிங்க. அதுல செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டும் போடணும்னு இருந்தா, தொழிற்சாலை நிலமா மாத்துற வரைக்கும் அது தோட்டம்தான். வெளிநாட்டுக்காரங்க, வெளிநாட்டுக் கம்பெனி வாங்கறதா இருந்தா தேசிய நிலச் சட்டம் 433பி பிரிவுப்படி மாநிலத்தோட சம்மதம் வேணும். மண்ணுல கை வைக்கறதுக்கு 1974ஆம் வருஷத்து சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துல 70ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, அதுப்படி எர்த்வொர்க் (மண்வேலை) பிளான் அப்ரூவல் ஆகியிருக்கணும். அப்ரூவல் வராம "சும்மா கிளீன் பண்ணி வைங்க"ன்னு யார் சொன்னாலும் மெஷினை ஏத்தாதீங்க, ஸ்டாப் ஆர்டர் வந்தா நஷ்டம் உங்க தலையிலதான் விழும்.

இனிமே நான் சொல்லப் போறதைத்தான் கொஞ்சம் நிதானமா படிக்கணும். ஜொகூர்ல செடெனாக், கூலாய் பக்கமெல்லாம் டேட்டா சென்டருக்குப் போற நிலத்துல நெறைய பழைய தோட்டங்கள். ஒய்டிஎல் கம்பெனி கட்டுற 500 மெகாவாட் பார்க்கே கூலாய்ல 275 ஏக்கர்ல வருது. தோட்டம்னா அது வெறும் மரம் இல்லங்க, பால்மரம் சீவுன காலத்துல இருந்து நம்ம சனங்க மூணு தலைமுறை, நாலு தலைமுறை இருந்த எடம். லயத்து வீடு போயிருக்கும், ஆனா ஒரு மாரியம்மன் கோயிலோ, முனியாண்டி மேடையோ, ஓரமா இடுகாடோ இருக்கும். பெரும்பாலும் நிலம் கோயில் பேர்ல இருக்காது, கிராண்ட்லயும் வராது, சர்வே பிளான்லயும் சில சமயம் வராது. அதனால மரம் வெட்டறதுக்கு முன்னாடி நீங்க நடந்து பாக்கணும். ட்ரோன் படம் போதாது, செம்பனை மட்டைக்குக் கீழ என்ன இருக்குன்னு மேல இருந்து தெரியாது. பக்கத்து தாமான்ல (குடியிருப்புல) இருக்கற வயசானவங்களைத் தேடிப் போய், "ஐயா, இந்தத் தோட்டத்துல கோயில், சமாதி எதுவும் இருந்துச்சா"ன்னு மரியாதையா கேளுங்க. நம்ம பாஷையில நாம கேட்டா அவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க, இந்த விஷயத்துல தமிழ் தெரிஞ்ச சூப்பர்வைசர் இருக்கறது சைட்டுக்குப் பெரிய பலம். இருக்குன்னு தெரிஞ்சா அதைச் சுத்தி வேலி போட்டு, பிளான்ல மார்க் பண்ணி, டெவலப்பருக்கு எழுத்துல குடுத்து, கோயில் கமிட்டியோட அவங்க பேசி முடிக்கற வரைக்கும் அந்தப் பக்கம் மெஷின் போகக் கூடாதுன்னு டிரைவருங்க கிட்ட சொல்லிடணும். பேசினா மாத்து எடம், பாலாலயம், நல்ல நாள்னு எல்லாத்துக்கும் வழி இருக்கு. பேசாம இடிச்சா வேலையும் நிக்கும், அந்தக் குடும்பங்களுக்கு ஆறாத காயமும் ஆகும்.

செம்பனை மரத்தை அப்புறப்படுத்துறதுலயும் ஒரு முக்கியமான விஷயம். மலேசியாவுல திறந்த வெளியில எரிக்கறது சட்டப்படி தப்பு. அதனால சில பேரு மரத்தைத் தள்ளிக் குழிக்குள்ள போட்டு மேல மண்ணைப் போட்டு மூடிடுவாங்க, வேலை சீக்கிரம் முடியுதுன்னு. செம்பனைத் தண்டு முழுக்க நாரும் தண்ணியும்தான், மண்ணுக்குள்ள அழுகி நாலு அஞ்சு வருஷத்துல அந்த எடம் எறங்கும். கட்டடம் பைல் (மண்ணுக்குள்ள ஆழமா எறக்கற தூண்) மேல நிக்கலாம், ஆனா ரோடு, கேபிள் டிரெஞ்ச், தண்ணிக் கொழாய் எல்லாம் வெறும் மண்ணு மேலதான் போகுது. தண்டை சில்லு சில்லா சீவி வெளிய ஏத்தி அனுப்பணும், இல்ல கட்டடமே வராத பசுமைப் பகுதியில பரப்பணும், வேர்க்கட்டையையும் தோண்டி எடுக்கணும்.

மண் பரிசோதனைக்கு வருவோம். டேட்டா ஹால் தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 12, 15 கிலோநியூட்டன்னு டிசைன் பண்ணுவாங்க, சாதாரண ஆபீஸ் மாதிரி நாலஞ்சு மடங்கு. அதுக்கு மேல ஜெனரேட்டர், டீசல் டேங்க், சில்லர், டிரான்ஸ்ஃபார்மர். மண்ணைப் பாக்க துளை (போர்ஹோல்) போடும்போது கட்டடத்துக்கு நடுவுல மட்டும் போட்டு முடிச்சுடாதீங்க, சப்ஸ்டேஷன் வர்ற எடத்துல, டீசல் டேங்க் வர்ற எடத்துல, பழைய ஓடை போன எடத்துல தனித்தனியா போடச் சொல்லுங்க. துளையில இருந்து எடுத்த மண்ணும் பாறையும் இருக்கற கோர் பாக்ஸைத் திறந்து நீங்களே கையால தொட்டுப் பாருங்க. நம்ம சிங்கப்பூர் மேற்குப் பக்கம், ஜூரோங் ஃபார்மேஷன்ங்கற பாறை அமைப்புல செவப்பும் ஊதாவுமா பாறை ஒடைஞ்சு ஒடைஞ்சு வரும், எஸ்பிடி எண்ணிக்கை (சோதனைக் கொழாயை எறக்க சுத்தியல் எத்தனை அடி அடிக்குதுங்கறது) ஒரு மீட்டர்ல 20, அடுத்த மீட்டர்ல 100 அடிச்சாலும் எறங்காது, அதுக்கும் கீழ திரும்ப மெத்துன்னு ஆயிடும். ஒரே போர்ஹோலை நம்பினா ஏமாந்துடுவோம். கல்லாங் ஃபார்மேஷன் கடல் களிமண்ணா இருந்தா சாம்பல் நெறத்துல, விரல் வச்சு அழுத்தினா உள்ள போற மாதிரி, சிப்பித் துண்டோட வரும், அதைப் பாத்தா உடனே ஜியோடெக் (மண் ஆய்வு) இன்ஜினியருக்கு போன் போடுங்க. ஜொகூர்ல பொந்தியான் பக்கம் பீட் மண் (அழுகின செடிகொடி சேர்ந்த சதுப்பு மண்), அது இன்னும் மோசம், நீர் வத்தினாலே சுருங்கும்.

ஜூரோங் தீவு, துவாஸ் மாதிரி கடலை நிரப்பின எடத்துல கீழ களிமண் இருந்தா காத்திருக்கறதுதான் வழக்கமான வழி. தண்ணி மேல ஏறி வர்ற பட்டையான வெர்டிகல் டிரெயினை நட்டு, மேல மண்ணைக் குவிச்சு சர்சார்ஜ் (பாரம்) வச்சு, களிமண்ணுல இருக்கற தண்ணியைப் பிழிஞ்சு எடுக்கணும். மண்ணு எவ்வளவு எறங்குதுன்னு காட்டற செட்டில்மென்ட் பிளேட்டோட ரீடிங் வாராவாரம் எடுத்து கிராஃப் போட்டா மொதல்ல செங்குத்தா எறங்கும், போகப்போகப் படுக்கும். நல்லாப் படுத்த அப்புறம்தான் சர்சார்ஜை எடுக்கணும். அவசரப்படுத்துற கிளையன்ட் கிட்ட இந்த கிராஃபைக் காட்டிப் பேசுங்க, வாய்ப்பேச்சுக்கு மதிப்பு இல்ல. ஜேடிசி நிலத்துல குத்தகை ஆரம்பத்துலயே மண்ணு, நிலத்தடி நீர் ரெண்டுலயும் ஏற்கனவே என்ன மாசு இருக்குன்னு பேஸ்லைன் ஸ்டடி எடுப்பாங்க, முன்னாடி இருந்த தொழிற்சாலை எண்ணெய் கொட்டினதுக்கு நீங்க பழி ஏத்துக்கக் கூடாதுன்னா அந்த ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு லோரி மண்ணுகூட வெளிய போகக் கூடாது.

சிங்கப்பூர்ல தோண்டறதுக்கு முன்னாடி கேபிள். லைசென்ஸ் வச்சிருக்கற கேபிள் டிடெக்‌ஷன் ஆளைக் கூப்பிட்டு, எஸ்பி பிளானை வாங்கி, தரையில பெயின்ட் அடிச்சு மார்க் பண்ணி, அப்புறம் ட்ரையல் ஹோல். ட்ரையல் ஹோல்னா கையாலதான். மம்பட்டியால மெல்ல மெல்ல எடுத்து, எச்சரிக்கை டேப் கண்ணுல பட்டதும் நிறுத்தி, சிமென்ட் ஸ்லாப் தெரியற வரைக்கும் கையாலேயே மண்ணை ஒதுக்கிப் பாக்கணும், ஆழத்தை டேப் வச்சு அளந்து போட்டோ எடுத்து வைக்கணும். பிளான்ல ஒரு மீட்டர்னு இருக்கறது நெசத்துல அரை மீட்டர்ல இருக்கலாம், ரோடு மட்டம் மாறியிருக்கும். 66 கேவியும் அதுக்கு மேலயும் இருக்கற கேபிளை அடிச்சா ஒரு மில்லியன் வெள்ளி வரைக்கும் ஃபைன், இல்ல 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதைவிட முக்கியம் கேபினுக்குள்ள உக்காந்திருக்கற நம்ம ஆபரேட்டரோட உயிர்.

மேல்மண்ணைச் சீவறதுக்கு முன்னாடி சில்ட் கன்ட்ரோல், அதாவது மழைத்தண்ணியில மண்ணு கரைஞ்சு வெளிய போகாம தடுக்கற ஏற்பாடு முடிஞ்சிருக்கணும், இது கூடவே செய்யற வேலை இல்ல, முன்னாடி செய்யற வேலை. சிங்கப்பூர்ல க்யூஇசிபிங்கற தகுதி பெற்ற மண்ணரிப்பு நிபுணர் டிசைன் பண்ணின இசிஎம் (மண் வெளியேறாம தடுக்கற) பிளான் வேணும், வாய்க்கால்ல விடற தண்ணியில மண்ணு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, வெளிய போற எடத்துல சிசிடிவி கேமரா வேணும். 50 மில்லிகிராம்ங்கறது எவ்வளவு கம்மின்னு தெரிஞ்சுக்க, மழை விட்டதும் அவுட்லெட்ல ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க: தே தாரிக் மாதிரி இருந்தா கேள்வியே இல்ல, லேசா கலங்கலா இருந்தாலே லிமிட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. வெறும் சில்ட் ஃபென்ஸை நட்டுட்டு கன்ட்ரோல் பண்ணியாச்சுன்னு சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். திறந்து கெடக்கற மண்ணைக் கொறைக்கறதுதான் உண்மையான கன்ட்ரோல். 10 ஹெக்டேரையும் ஒரே நாள்ல சீவாம, ரெண்டு ரெண்டா சீவி, முடிஞ்ச சரிவை அன்னிக்கே கான்வாஸ் போட்டு மூடி, ரெண்டு வாரம் தொடாத எடத்துல புல்லு விதைச்சு, தண்ணியை மண் வாய்க்கால் வழியா தொட்டிக்குக் கொண்டு போய், ட்ரீட்மென்ட் மெஷின்ல சுத்தம் பண்ணி வெளிய விடணும். மலேசியாவுல இதுக்கு எல்டி-பி2எம்2ன்னு சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு பிளான் குடுக்கணும், செடிமென்ட் பேசின் கட்டினா மட்டும் ஆகாது, அடியில சேர்ற சேத்தை அள்ளிக்கிட்டே இருக்கணும். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வடகிழக்குப் பருவமழை கனமா பெய்யும், மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பற பெரிய கட் ஃபில் வேலையை அந்த மாசங்கள்ல வைக்காம ஷெட்யூல் போட முடிஞ்சா நல்லது.

ஃபில் போடறப்ப 300 மில்லிமீட்டருக்கு மேல ஒரு லேயர் போடாதீங்க, ஒவ்வொரு லேயருக்கும் டென்சிட்டி டெஸ்ட் எடுத்து, லேப்ல அந்த மண்ணுக்குக் கெடைச்ச அதிகபட்ச அடர்த்தியில 95% வந்தா மட்டும் அடுத்தது. மழையில நனைஞ்ச மண்ணு ரோலருக்கு அடியில மெத்தை மாதிரி எழும்பி எழும்பி அமுங்கும், அப்ப எத்தனை தடவை ஓட்டினாலும் பிரயோஜனமில்ல, கிளறிக் காய விடணும். பிளாட்ஃபாம் லெவலை (முடிஞ்ச தரை மட்டத்தை) தண்ணி வாரியம் பியூபி சொன்ன மினிமத்துக்குக் கீழ ஒரு எடத்துலயும் விடக் கூடாது, முக்கியமா சப்ஸ்டேஷன் பக்கம். அப்புறம் எல்லாரும் மறக்கற ஒண்ணு: டிரான்ஸ்ஃபார்மர் எப்படி உள்ள வரும்? 230 கேவி டிரான்ஸ்ஃபார்மர் 100 டன்னுக்கு மேல இருக்கும், அது வர்ற லோ பெட் டிரெய்லருக்கு கேட் அகலம், வளைவு, வாய்க்கால் மேல போட்ட கல்வெர்ட்டோட (சின்னப் பாலத்தோட) தாங்குதிறன் எல்லாத்தையும் டெம்பரரி ரோடு போடும்போதே கணக்குல எடுத்துட்டா, அதே ரோடு கடைசி வரைக்கும் உதவும்.

மரமே இல்லாத செம்மண் வெளியில மத்தியானம் வேலை பாக்கறவங்களுக்கு வெயில் தாங்காது. சிங்கப்பூர்ல வெளிய கஷ்டமான வேலை பாத்தா, மணிக்கு ஒரு தடவை டபிள்யூபிஜிடி (சூடு, ஈரப்பதம், வெயில் எல்லாம் சேர்த்த அளவு) அளந்து, 32 டிகிரி தொட்டுட்டா மணிக்கு 10 நிமிஷமாவது நிழல்ல ரெஸ்ட் குடுக்கணும்னு மனிதவள அமைச்சு எம்ஓஎம்மோட விதி இருக்கு. சூப்பர்வைசரா இருக்கற தம்பிங்க இதைக் கண்டிப்பா செய்ங்க, புதுசா ஊர்ல இருந்து வந்த பையனுக்கு உடம்பு பழகற வரைக்கும் லேசான வேலையா குடுங்க. நிழலுக்கு ஒரு டென்ட், ஐஸ் போட்ட தண்ணி டிரம், இது ரெண்டும் வேலை நடக்கற எடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும், சைட் ஆபீஸ்ல இருந்தா யாரும் நடந்து போய்க் குடிக்கமாட்டாங்க.

நிலத்தை ஒப்படைக்கும்போது ஃபைல்ல இவ்வளவும் இருக்கணும்: போர்ஹோல் ரிப்போர்ட், பேஸ்லைன் ஸ்டடி, லேயர் வாரியா டென்சிட்டி ரிசல்ட், செட்டில்மென்ட் கிராஃப், கேபிள் கண்டுபிடிச்ச எடமெல்லாம் சர்வே கோஆர்டினேட்டோட, நீங்க பொதைச்ச டெம்பரரி பைப் எதாவது இருந்தா அதுவும், கடைசியா ஆஸ் பில்ட் லெவல், அதாவது வேலை முடிஞ்சு அளந்த உண்மையான மட்டம். செட்டில்மென்ட் பிளேட்டை அறுத்து எடுத்துடாம, சுத்தி சிமென்ட் வளையம் போட்டு செவப்பு பெயின்ட் அடிச்சு, பைலிங் கான்ட்ராக்டர் ஒரு தடவை தானே ரீடிங் எடுத்து கையெழுத்துப் போட்ட அப்புறம்தான் சாவியைக் குடுங்க.